வெந்த கறை

சலவைக்கூடத்தில் அவளைக் கறையக்கா என்று கூப்பிட்டார்கள். கறை பட்டவள் என்று அர்த்தமில்லை, கறையை விரட்டுகிறவள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், நான்கு பெரிய இயந்திரங்களும் ஒரு நீராவி இஸ்திரி உருளையும் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கிற கூடம் அது. மேலே இருக்கும் பதினொரு வார்டுகளின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வந்து விழும். மருந்து, மை, சூப், மனுஷ உடம்பிலிருந்து வரக்கூடிய சகலமும் அவற்றில் இருக்கும். கறையக்கா ஒரு விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது நேத்தைக்கு பட்டது. இது முந்தாநாளு. இதை எவளோ ஈரத்துணியால தேய்ச்சு இன்னும் கெடுத்து வெச்சிருக்கா" என்று சொல்லிவிடுவாள். தப்பவே தப்பாது.

பெரிய டாக்டர் ஒருவரே, சட்டைப் பையில் பேனா ஒழுகிவிட்டது என்று படியிறங்கி வந்து அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மேலே எத்தனை பேர் அவர் முன்னால் அப்படி நிற்கிறார்களோ!

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லும் பாடம் ஒன்றே ஒன்று. "ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி. அலசிட்டு அப்புறம்தான் மெஷின். சூடு காட்டினா கறை வெந்துபோகும். வெந்த கறை உன் ஆயுசுக்கும் போகாது." காய்ச்சல் வந்து பிதற்றினாலும் அக்கா இதைத்தான் பிதற்றுவாள் என்று ரேடியோ சொல்வாள்.

ரேடியோ என்பது அவளோடு விரிப்பு மடிக்கிறவள். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்தப் பக்கம் இரண்டு மூலை ஒருத்தி, அந்தப் பக்கம் இரண்டு மூலை மற்றவள், உதறி விரித்து, நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். பதினோரு வருஷமாக இருவரும் ஒரு நாளைக்கு நூறு தடவை எதிரெதிரே நடந்து வந்து சந்தித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினோரு வருஷத்தில் ரேடியோவின் வாய் ஓய்ந்ததில்லை. கறையக்கா கேட்டுக்கொண்டே மடிப்பாள்.

இப்படி ஊரார் ரத்தத்தையெல்லாம் அலசியவளுக்குத் தன் ரத்தத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரும்பாடு என்று பழைய சொல் ஒன்று உண்டு. மாதத்தில் நாலைந்து நாளில் நிற்க வேண்டியது பதினெட்டு நாள், இருபது நாள் நிற்காமல் போவதற்கு அந்தப் பெயர். நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள். கறையக்காவுக்கு அது ஏழு வருஷமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும், ஆனால் ஏழுதான். ஏழும் கொஞ்சமில்லை.

முதல் வருஷம், வேலை செய்கிற இடத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று, வெளியே ஒரு டாக்டரிடம் போனாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்" என்றார். இரண்டாவது டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மூன்றாவது டாக்டரிடம் வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தன் முறை வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு யாரிடமும் போகவில்லை. சகஜம் என்ற சொல்லால் எத்தனை பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அவள் மாமியார், உயிரோடு இருந்த காலத்தில், "பொம்பளை நோவைப் பொத்தி வெக்கணும்" என்று சொல்லியிருந்தாள். அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். உடுப்பதெல்லாம் அடர்ந்த பழுப்பு, கருஞ்சிவப்பு. உட்காருவதற்கு முன் ஒரு பார்வை, எழுந்த பின் ஒரு பார்வை. முதுகுவலி, தரைதான் ஒத்துக்கொள்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அடுக்களையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். பேருந்து ஓட்டுகிற அந்த மனிதர், "சரி" என்றார். பகலெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவர் பேசுவது குறைவு.

ஜெபமும் செய்தாள். ஏழு வருஷமும். சுகம் வரவில்லை என்றால் தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். யாரும் திட்டாதபோது நம்மை நாமே திட்டிக்கொள்வதில் நமக்கு ஈடு யார்?

கோவிலுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மாதத்தின் முதல் புதன்கிழமை சாயங்காலம் எட்டுப் பெண்கள் கூடுவார்கள். நடத்துகிறவள் போதகரின் மனைவி. அவளைப் போதகரம்மா என்றார்கள். ஐம்பதை நெருங்குகிறவள், ஒல்லியானவள், எதற்கும் பதறாதவள். அவளிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் மடித்த சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் நற்செய்தியில் வருகிற ஒரு பெண். கூனிப்போய் நிமிர முடியாமல் இருந்தவள், ஒரே மகனைப் பாடையில் அனுப்பிய விதவை, மகளுக்காக வாதாடியவள் என்று இப்படி. யார் கைக்கு எந்தச் சீட்டு வருகிறதோ அவர்கள் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். பார்த்துப் படிக்கக் கூடாது. "படிக்கறதுக்குக் கண்ணு போதும். சொல்றதுக்குத்தான் ஆள் வேணும்" என்பாள் போதகரம்மா.

முன்பு ஒரு தடவை கறையக்காவுக்குப் பேதுருவின் மாமியார் வந்தாள். "காய்ச்சல்ல படுத்திருந்தாங்க. அவர் வந்து கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டார். காய்ச்சல் விட்டுச்சு. எழுந்த கையோட வந்தவங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாங்க. மருமகன் ஒரு கும்பலையே கூட்டிட்டு வந்திருந்தான்போல. பாவம், இன்னும் ஒரு நாள் படுத்திருக்க விட்டிருக்கலாம்" என்று சொல்லி முடித்தாள். அறையே சிரித்தது. போதகரம்மா டீ புரையேறும்படி சிரித்தாள்.

இந்த மாதம் டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டைப் பிரித்தவளுக்குக் கை அப்படியே நின்றது. உதிரப்போக்குள்ளவள் என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வருஷம் ரத்தம் போய், வைத்தியரிடமெல்லாம் அலைந்து, இருந்ததையும் இழந்து, கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து இயேசுவின் உடுப்பின் ஓரத்தைப் பின்னாலிருந்து தொட்டவள். தொட்டதும் ரத்தம் நின்றது. ஆனால் அவர் விடவில்லை. யார் என்னைத் தொட்டது என்று திரும்பினார். இத்தனை பேர் நெருக்கும்போது யார் என்று கேட்டால் எப்படி என்று கூட வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளை மகளே என்று கூப்பிட்டு, சமாதானமாய் அனுப்பினார். கதை கறையக்காவுக்கு மனப்பாடம். ஏழு வருஷமாக அவள் படிக்காமல் தாண்டிப்போகிற பக்கம் அது.

"ஒரு அம்மாவுக்கு ரொம்ப நாளா உடம்பு சரியில்ல. கூட்டத்துல வந்து அவர் துணியைத் தொட்டாங்க. சரியாப் போச்சு" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

"உடம்புக்கு என்ன?" என்று போதகரம்மா கேட்டாள்.

"ஏதோ ஒரு நோவு."

"அப்புறம் அவர் திரும்பி, யாருன்னு கேட்டாரே? அவங்க முன்னால வந்து சொன்னாங்களே?"

"அதான் சரியாப் போச்சே போதகரம்மா. அதுக்கப்புறம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?"

வேறு நாளாக இருந்தால் போதகரம்மா விட்டிருக்க மாட்டாள். அன்றைக்கு என்னவோ, கரிய சால்வையை மடிமீது இழுத்துவிட்டுக்கொண்டு டப்பாவை மூடிவிட்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கறையக்காவுக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றால், சொல்லவே பயமாக இருக்கிறது, அவர்மேல்தான். பாவம், அந்தப் பெண் சத்தம்போடாமல் வந்தாள், சத்தம்போடாமல் போயிருப்பாள். அவளை ஏன் அத்தனை பேர் முன்னால் இழுத்து நிறுத்த வேண்டும்? சுகம் கொடுக்கிறவர் மானத்தையும் விட்டுவைத்திருக்கக் கூடாதா?

இப்போது அவள் மறைத்துவைத்த இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவள் குடியிருந்த கட்டடத்தில் துணி காயப்போட மொட்டை மாடியில் பொதுக் கொடிதான். ஒரு விரிப்பைக் காயப்போட்டால் ஒன்பது வீடு பார்க்கும். அதனால் இரவில் கறைபட்ட விரிப்பை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு, எல்லோரும் வருவதற்கு முன் சலவைக்கூடத்துக்கு வந்து, குளிர்நீர்த் தொட்டியில் அலசி, ஆஸ்பத்திரி விரிப்புகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டு எடுத்துவிடுவாள். வீட்டுத் துணி கொண்டுவரக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அதற்காகவே ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்தியும் இருந்தார்கள். ஏழு வருஷமாகக் கறையக்கா மாட்டியதில்லை. அவள் அலசினால் கறை இருந்த இடம் அவளுக்கே தெரியாது, பிறகு யார் கண்டுபிடிக்க?

அந்தச் சனிக்கிழமை காலை படியிறங்கும்போதே காதுக்குள் வண்டு குடைந்தது. முந்தின ராத்திரி மோசமான ராத்திரி. பையைத் தொட்டியருகே கொண்டுபோனதாகத்தான் அவளுக்கு நினைவு. பிறகு ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். கண்ணை மூடித் திறந்தால் கூடம் முழுக்க ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் நம்பர் இயந்திரம் கொதிக்கக் கொதிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பையும் காலியாகக் கிடந்தது.

அரைமயக்கத்தில் அவள் தன் கையாலேயே, பச்சைத் தண்ணீர் காட்டாமல், ரத்தத்தைக் கொதிநீரில் போட்டிருந்தாள். நேற்று வேலைக்கு வந்தவள்கூடச் செய்யாத தப்பு.

ஓடுகிற இயந்திரத்தின் கதவைத் திறக்க முடியாது. நாற்பது நிமிஷம் அதன் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். முடிந்ததும் தானே இறக்கிவிடலாம் என்று பார்த்தால், அவளைக் கேட்காமலே இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப்போட்டு உருளைக்குத் தள்ளிப்போய்விட்டார்கள். உருளையிலிருந்து விரிப்புகள் வெதுவெதுவென்று ஒவ்வொன்றாக மடிக்கும் மேசைக்கு வந்தன.

"என்னக்கா பேயறைஞ்ச மாதிரி இருக்கே? எங்க வீட்டுக் கதையைக் கேளு, நேத்து என் நாத்தனார் வந்து..." என்று ரேடியோ தொடங்கினாள். முதல் விரிப்பு வெள்ளை. இரண்டாவது வெள்ளை. நாத்தனார் எதையோ எடுத்தாள், எதையோ உடைத்தாள். பத்து, பதினைந்து, எல்லாம் வெள்ளை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கறையக்கா உருளையையே பார்த்துக்கொண்டு மடித்தாள். முப்பது போல இருக்கும், இருவரும் ஒரு விரிப்பை உதறி விரித்தார்கள்.

நடுவில், இரண்டு கை அகலத்துக்கு, பழுப்பேறிப்போய், அது இருந்தது.

ரேடியோ பேச்சை நிறுத்தினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள்.

கூடத்தின் பொறுப்பாளரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். இருபது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து, இடுப்பு போனதால் கீழே அனுப்பப்பட்டவர். அவர் வந்தார். விரிப்பின் நான்கு மூலைகளையும் புரட்டினார். ஒவ்வொரு வார்டு விரிப்புக்கும் மூலையில் ஒரு நிறத்து நூலால் அடையாளத் தையல் இருக்கும். இதில் எதுவுமில்லை. கறையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி உருளையை நிறுத்தச் சொன்னார். இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்றன.

"யாருது இது?"

 ரேடியோதான், நிலைமையைச் சிரிப்பாக்கப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு ஆயிரம் துணி விழுது சிஸ்டர். பன்னெண்டு பேர் கை படுது. யாருதுன்னா எப்படிச் சொல்றது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "அது எனக்கும் தெரியும். யாருதுன்னுதான் கேக்குறேன்."

கறையக்கா தன் பக்கத்து இரண்டு மூலைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதே கேள்வி. இதே சலிப்பான பதில். மூன்று நாளைக்கு முன் வேண்டாம் என்று தான் கத்தரித்துப் போட்ட பகுதி, தன் முன்னாலேயே வந்து நிற்கிறது. பேசாமல் இருந்துவிடலாம். அடையாளமில்லாத துணி, யார் நிரூபிக்கப்போகிறார்கள்? விரிப்பு கிழிபடும், மறந்துபோகும். அவள் மறுபடி பாயில் படுப்பாள், மறுபடி விடியுமுன் வருவாள், இன்னும் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. களைத்துப்போயிருந்தாள். அத்தனை களைப்பையும் ஒளித்து ஒளித்து இன்னும் களைத்திருந்தாள்.

"என்னுது சிஸ்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு பேர் முன்னால், கையில் இரண்டு மூலையைப் பிடித்தபடியே, ஏழு வருஷத்தையும் சொன்னாள். டாக்டர்களை, நாற்காலியை, பாயை, பையை.  இடையில் யாரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை, பழக்கம், உட்காருவதற்கு முன் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"வீட்டுத் துணியைக் கொண்டுவந்தது தப்புதான். வேலையை விட்டு நிறுத்தினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று முடித்தாள்.

"துணி கிடக்கட்டும்டி" என்றார் பெரிய சிஸ்டர். கிட்டே வந்து, கட்டைவிரலால் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "வெளுக்கப் போட்ட மாதிரி இருக்கே கண்ணு! வார்டுல நான் ஒரு விரிப்புல இத்தனை பார்த்தா, ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வருவேன். இதோடயா எங்க கறையெல்லாம் துவைச்சுக்கிட்டிருந்தே? எப்படிம்மா நின்னே?"  அதட்டலுக்கு மட்டுமே பழகியிருந்த குரல், தடுமாறிப்போனது.

அப்போது ரேடியோ தன் கையிலிருந்த இரண்டு மூலைகளோடு நடந்து வந்தாள். வழக்கம்போல மூலையோடு மூலை சேர்த்தாள். கறை உள்ளே போகும்படி மடித்தாள், இன்னொரு முறை மடித்தாள். கறையக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

சலவைக்கூடத்திலிருந்து பெண்கள் பிரிவுக்கு உள்வழியாக நாற்பத்தொரு படி. பதினோரு வருஷமாக அந்தப் படிகளுக்குக் கீழே வேலை பார்த்தவள், ஒரு பக்கம் ரேடியோவும் ஒரு பக்கம் இடுப்பு போன சிஸ்டரும் பிடித்துக்கொள்ள, அன்றைக்குத்தான் அவற்றை ஏறினாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்வது கஷ்டம்.

கர்ப்பப்பையில் கட்டிகள். ரத்தம் ஏற்றினார்கள், பத்து நாள் கழித்து அறுவை செய்து எடுத்தார்கள். இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கி, மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

அறுவைக்கு மறுநாள் வீட்டுக்காரர் கட்டிலருகே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"நான் குறட்டை விடுறதாலதான் நீ அடுக்களைக்குப் போயிட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"என்னது?"

"ஏழு வருஷமா தினமும் மூக்குல சொட்டு மருந்து விட்டுக்கிறேன். டிரைவருங்க யாரோ சொன்னாங்க. குப்பி குப்பியா..."

சிரிக்கக் கூடாது, தையல் பிரியும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். கறையக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

வேலைக்குத் திரும்பியதும் அந்த விரிப்பை மூன்று விதமாக அலசிப் பார்த்தாள். கறை போகவில்லை. அவளுக்காகச் சட்டம் மாறிவிடுமா என்ன? பெரிய சிஸ்டர் அதைக் கிழித்து இயந்திரம் துடைக்க வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடி வந்த கூட்டத்தில் போதகரம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது, "சீட்டு வேண்டாம். போன தடவை நான் ஒரு கதையைக் கொலை பண்ணிட்டேன். மறுபடி சொல்றேன்" என்றாள் கறையக்கா.

சொன்னாள். ரத்தம் என்ற சொல்லை விடாமல் சொன்னாள். அந்தப் பெண் உட்காரும் முன் திரும்பிப் பார்த்ததை, யார் வீட்டுக்கும் போகாததை, பின்னாலிருந்தே தொட்டதை. யார் என்று அவர் கேட்ட இடம் வந்ததும் சற்று நிறுத்தினாள்.

"இந்த இடத்துல எனக்கு அவர்மேல ஒரே கோபம். இப்போ இல்ல. கேக்காம விட்டிருந்தா அவ சுகமாகியிருப்பா, ஆனா ஒளிஞ்சுக்கிட்டேதான் இருந்திருப்பா. திருடிட்டுப் போன மாதிரி வெச்சிருப்பா அந்தச் சுகத்தை. அவர் திட்டறதுக்குக் கேக்கல. நீ திருடல, இது உனக்குத்தான், எடுத்துக்கோன்னு எல்லார் முன்னாலயும் கொடுக்கறதுக்குக் கேட்டார். மகளேன்னு கூப்பிட்டாரு பாருங்க."  பக்கத்திலிருந்தவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு, போதகரம்மாவும் அவளும் டீக் கோப்பைகளைக் கழுவினார்கள். போதகரம்மா கழுவ, இவள் துடைத்து அடுக்கினாள். கடைசிக் கோப்பையை வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள் போதகரம்மா.

"கறையக்கா, சும்மா கேக்குறேன். பச்சைத் தண்ணின்னா எவ்வளவு நேரம் ஊறணும்? ரொம்ப இருந்தா?"

"அரைமணி நேரம். ரொம்ப இருந்தா தண்ணியை மாத்தி இன்னொரு அரைமணி" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, கறையக்கா அவளைப் பார்த்தாள். கரிய சால்வை. கருநீலப் புடவை. போன தடவையும் இதே. அதற்கு முந்தின தடவையும். ஆயிரம் விரிப்பைப் பார்த்துச் சொல்கிறவள், இதை எப்படிப் பார்க்காமல் விட்டாள்?

அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தாள்.

"துணிக்கு வழி சொல்லிட்டேன். உங்களுக்கு எவ்வளவு நாளா, போதகரம்மா?"

போதகரம்மா குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள், சுவரைப் பார்த்தபடி, "ரெண்டு வருஷம்" என்றாள். "நானே ஜெபம் பண்ணச் சொல்றவ. எனக்கே இப்படின்னு யார்கிட்டப் போய்..."

"நாளைக்குக் காலையில எட்டரைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. சலவைக்கூடத்து வாசலுக்கு. முன்வாசல் வேணாம், அங்க வரிசை நீளம்" என்றாள் கறையக்கா. "அங்கேர்ந்து நாப்பத்தொரு படி. நானும் கூட ஏறி வரேன்."